ஏலத்துக்கு வந்த தங்கப் புலி!

உங்கள் டீச்சர் சேலை நழுவாமல் இருக்கத் தோளில் ஓர் ஊசி குத்தியிருப்பார் அல்லவா? அந்த ஊசியின் முகப்பைத் தங்கத்தில் செய்து, கற்கள் பதித்து அழகாக்கினால் அதற்கு 'புரூச்' என்று பெயர். மயில், சிறுத்தை, பட்டாம்பூச்சி என்று விலங்கு, பறவை உருவங்களில் செய்த பழைய புரூச்சுகளுக்கு வெளிநாட்டு ஏலக் கூடங்களில் ஏகப்பட்ட கிராக்கி.

2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டனில் அப்படி ஒரு புரூச் ஏலம் போனது. பூநாரைப் பறவையின் வடிவம். சிறகு முழுக்க வைரம், மாணிக்கம், மரகதம், நீலக்கல். இங்கிலாந்தின் அரச பதவியைத் துறந்த எட்டாம் எட்வர்டின் மனைவி அணிந்த நகை அது. 17 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து ஒருவர் வாங்கிச் சென்றார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2010 அக்டோபரில், அதே லண்டனில் இன்னொரு விலங்கு ஏலத்துக்கு வந்தது. அது ஒரு புலித்தலை. உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு, அதில் மாணிக்கமும் மரகதமும் வைரமும் பதித்திருந்தார்கள். உங்கள் கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். ஆனால், வாயைத் திறந்து பல்லைக் காட்டி உறுமுகிற மாதிரி இருக்கும். அது 4 லட்சத்து 34 ஆயிரத்து 400 பவுண்டுக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 3 கோடி ரூபாய்!

பூநாரை, ஒரு சீமாட்டியின் உடையில் இருந்த நகை. இந்தப் புலியோ ஓர் அரியணையில் இருந்த நகை. எட்டுப் புலித்தலைகள் அந்த அரியணையைச் சுற்றி இருந்தன. அதைச் செய்யச் சொன்னவர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

மைசூர்ப் புலியின் நகை லண்டனுக்கு எப்படிப் போனது? எட்டில் ஒன்று மட்டும் தனியாக ஏன் விலைக்கு வந்தது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் திப்புவின் கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும். அந்தக் கதையின் முக்கியமான ஒரு பகுதி நடந்தது எங்கோ தூரத்தில் அல்ல, நமது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில்தான்!

ஆற்காடு தந்த பெயர்

திப்புவின் தந்தை ஹைதர் அலி. சாதாரணப் படைவீரராக வாழ்க்கையைத் தொடங்கி, தமது திறமையால் 1761-ம் ஆண்டு மைசூர் அரசின் முழு அதிகாரத்தையும் கைக்குக் கொண்டு வந்தவர். தாயார் பெயர் பாத்திமா பக்ருன்னிசா. திப்பு பிறந்தது இன்றைய பெங்களூருக்கு அருகே உள்ள தேவனஹள்ளியில், 1750-ம் ஆண்டையொட்டி.

திப்பு என்ற பெயர் நம் தமிழ்நாட்டில் இருந்து போனது என்பது உங்களுக்குத் தெரியுமா? ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா என்ற ஞானியின் தர்கா இருக்கிறது. குழந்தை வரம் கேட்டு ஹைதர் தம்பதியர் அங்கே வேண்டிக்கொண்டதாகவும், பிறந்த மகனுக்கு அந்த ஞானியின் பெயரையே வைத்ததாகவும் சொல்கிறார்கள்.

ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறை மகனுக்கு இருக்கக் கூடாது என்று நினைத்தார். நல்ல ஆசிரியர்களை வைத்துப் பாரசீகம், உருது, கன்னடம் எல்லாம் கற்றுக் கொடுத்தார். குதிரை ஏற்றமும் வாள் வீச்சும் துப்பாக்கிப் பயிற்சியும் கூடவே நடந்தன. திப்புவுக்குப் புத்தகங்கள் என்றால் உயிர். பின்னாளில் அவரது அரண்மனை நூலகத்தில் ஏறக்குறைய 2 ஆயிரம் நூல்கள் இருந்தன. தமக்கு வந்த கனவுகளைக்கூடத் தம் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்தார்!

1767-ம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் மைசூர் முதல் போரில் இறங்கியது. அப்போது திப்புவுக்கு 17 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, குதிரைப்படை ஒன்றுக்குத் தலைமை ஏற்றுச் சென்னைக்கு அருகே வரை பாய்ந்து வந்தார்.

தீபாவளி ராக்கெட் அல்ல!

1780-ம் ஆண்டு இரண்டாவது போர் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர் என்ற இடத்தில் கர்னல் பெய்லி என்பவரின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது மைசூர்ப் படை ஏவிய ராக்கெட்டுகள் சீறிக்கொண்டு வந்தன. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. பெய்லி சரணடைந்தார். இந்தியாவில் கம்பெனி அதுவரை கண்டிராத தோல்வி அது.

நீங்கள் தீபாவளிக்குக் கொளுத்தும் ராக்கெட்டின் உடம்பு காகிதத்தால் ஆனது. மைசூர் ராக்கெட்டின் உடம்போ இரும்புக் குழாய். காகிதக் குழாயில் மருந்தை ஓரளவுக்கு மேல் இறுக்க முடியாது, கிழிந்துவிடும். இரும்புக் குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் ராக்கெட் அதிக வேகத்தில், அதிக தூரம் போனது. இந்த ராக்கெட்டுகளைப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் என்பவர் அந்த நாட்டுப் படைக்கு ராக்கெட் செய்து கொடுத்தார்.

நம்ம அப்துல் கலாம் இளம் விஞ்ஞானியாக அமெரிக்காவின் நாசாவுக்குப் பயிற்சிக்குப் போனபோது, அங்கே வரவேற்புக் கூடத்தில் ஒரு போர்க்கள ஓவியத்தைப் பார்த்தார். அதில் ராக்கெட் ஏவிக்கொண்டிருந்தவர்கள் திப்புவின் வீரர்கள்! 2018-ம் ஆண்டுகூட, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பழைய கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன.

பொள்ளிலூர்ப் போரில் சிறைப்பட்டவர்களில் டேவிட் பெயர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் அடைபட்டுக் கிடந்தார். அவரது பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மீண்டும் வருவார்.

1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் அலி நோயால் இறந்துபோனார். அப்போது திப்பு மேற்குக் கடற்கரைப் பக்கம் போர் செய்துகொண்டிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும் அல்லவா? அதனால் திப்பு வந்து சேரும் வரை அமைச்சர்களும் தளபதிகளும் மன்னரின் மரணத்தை மறைத்தே வைத்திருந்தார்கள். திப்பு விரைந்து வந்து பொறுப்பேற்றார். 1784-ம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையுடன் அந்தப் போர் முடிந்தது.

எங்கு பார்த்தாலும் புலி!

திப்புவுக்குப் புலி என்றால் தனிப் பிரியம். வீரர்களின் சட்டையில் புலி வரி. வாள் பிடியில் புலித்தலை. பீரங்கி வாயில் புலி முகம். கொடியிலும் புலி வரிகள். ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவனைப் புலி கவ்விக்கொண்டிருப்பது போன்ற மரப் பொம்மை ஒன்றும் அவரிடம் இருந்தது. அதன் கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான். உள்ளே ஆர்மோனியம் போலத் துருத்தியும் குழல்களும் வைத்திருந்தார்கள். அந்தப் பொம்மை இன்று லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்டவரின் அரியணை எப்படி இருக்கும்? எட்டுப் பட்டை கொண்ட மேடை. மரத்தால் செய்து, மேலே தங்கத் தகடு போர்த்தினார்கள். மேடையைத் தாங்கி நிற்பது நிஜப் புலியின் அளவுக்கு ஒரு பெரிய தங்கப் புலி. அதன் கண்களும் பற்களும் பளிங்குக் கல். சுற்றிலும் உள்ள கைப்பிடிச் சுவரில் எட்டுச் சின்னப் புலித்தலைகள். மேலே குடை. குடையின் உச்சியில் ரத்தினங்கள் பதித்த 'ஹுமா' பறவை. ஹுமாவின் நிழல் யார் தலையில் விழுகிறதோ அவர் அரசர் ஆவார் என்பது பாரசீகக் கதை.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த அரியணையில் திப்பு ஒரு நாளும் உட்காரவில்லை என்பார்கள். ஆங்கிலேயர்களை முழுவதும் வெல்லும் வரை அதில் ஏறுவதில்லை என்று அவர் சபதம் செய்திருந்தாராம்.

திப்பு போர் மட்டுமே செய்துகொண்டிருக்கவில்லை. இன்று மைசூர்ப் பட்டுக்கு உள்ள புகழுக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். வங்காளத்தில் இருந்து பட்டுப்புழு வளர்ப்பைக் கொண்டுவந்து தம் நாட்டில் பரப்பினார். புதிய நாணயங்கள், புதிய நாட்காட்டி, அரசே நடத்தும் வணிகம் என்று எதிலும் புதுமை செய்து பார்த்தார். மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, அதைச் சீர்படுத்தப் பணமும் பொருளும் அனுப்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரங்கநாதர் கோயில் அவரது அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஆனால், எல்லோருக்கும் அவர் நல்லவராக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. குடகிலும் மலபாரிலும் அவரை எதிர்த்தவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்தார். பலரைக் கட்டாயமாக மதம் மாற்றினார். அந்தப் பகுதி மக்களுக்கு அவர் பெயரைக் கேட்டால் இன்னும் மனம் கசக்கும். ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கும்போது இரண்டு பக்கங்களையும்தான் படிக்க வேண்டும்.

பெருமுக்கல் மலையும் வராத கப்பலும்

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். விழுப்புரத்தில் பஸ் ஏறிச் சென்னைக்குப் புறப்பட்டால் முதலில் முண்டியம்பாக்கம் வரும். சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கேதான். பிறகு விக்கிரவாண்டி, அப்புறம் திண்டிவனம். திண்டிவனத்தில் இருந்து கிழக்கே மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் என்ற ஊரும், அங்கே ஒரு கல்மலையும் உண்டு. மலைமேல் பழைய சிவன் கோயிலும், கோட்டையின் மிச்சமும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதி ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. நவாப் கம்பெனியின் நண்பர். எனவே, மைசூருக்கும் கம்பெனிக்கும் சண்டை என்றால் அடி விழுவது நம் ஊர்களில்தான்! ஹைதர் படையெடுத்து வந்தபோது வயல்கள் எரிந்தன. மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1782-ம் ஆண்டு பெருமுக்கல் கோட்டை ஹைதர், பிரெஞ்சுப் படைகளிடம் விழுந்தது.

1789-ம் ஆண்டு இறுதியில் திப்பு திருவிதாங்கூரைத் தாக்கினார். அதன் மன்னரும் கம்பெனியின் நண்பர். உடனே மூன்றாவது போர் மூண்டது. ஐதராபாத் நிஜாமும் மராட்டியர்களும் கம்பெனியோடு சேர்ந்துகொண்டார்கள். ஆக, ஒருவருக்கு எதிராக மூவர்!

1790 கடைசியில் திப்பு கோவைப் பக்கம் இருந்து திருச்சி வழியாகப் பாய்ந்து வந்தார். தியாகதுருகம் கோட்டையைத் தாக்கினார். அங்கே கேப்டன் பிளின்ட் என்பவர் உறுதியாக நின்றதால் பிடிக்க முடியவில்லை. திருவண்ணாமலையைப் பிடித்துக்கொண்டு, 1791 தொடக்கத்தில் பெருமுக்கல் மலைக்கோட்டையையும் பிடித்தார். அங்கிருந்து புதுச்சேரியை நோக்கிப் போனார்.

புதுச்சேரிக்கு ஏன்? அங்கே ஆட்சி செய்தவர்கள் ஆங்கிலேயர்களின் பரம எதிரிகளான பிரெஞ்சுக்காரர்கள். 1787-ம் ஆண்டிலேயே திப்பு அங்கிருந்து கப்பலில் தம் தூதர்களைப் பிரான்ஸ் நாட்டுக்கு அனுப்பியிருந்தார். 1788-ம் ஆண்டு அவர்களைப் பதினாறாம் லூயி மன்னர் அரண்மனையில் வரவேற்று விருந்து வைத்தார். பாரிஸ் நகரமே அவர்களது தலைப்பாகையையும் உடையையும் வேடிக்கை பார்த்தது. ஆனால், படை உதவி மட்டும் கிடைக்கவில்லை.

இந்த முறையும் திப்பு புதுச்சேரி வழியாக உதவி கேட்டார். பிரான்சில் அப்போது புரட்சி வெடித்திருந்தது. லூயி மன்னரின் சொந்த அரியணையே ஆட்டம் கண்டிருந்தது. அவர் யாருக்கு உதவுவார்? கப்பலும் வரவில்லை, படையும் வரவில்லை.

திப்பு இங்கே காத்திருந்த நாட்களில் என்ன நடந்தது தெரியுமா? கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு சென்னையில் பெரும் படையைத் திரட்டிக்கொண்டார். 1791 பிப்ரவரியில் வேலூர்ப் பக்கமாகக் கிளம்பி, திப்பு எதிர்பாராத கணவாய் வழியாக மலை ஏறிவிட்டார். திப்பு அவசர அவசரமாகத் திரும்பினார். ஆனால், மார்ச் மாதமே பெங்களூர் கோட்டை பறிபோனது. கிடைத்த நல்ல நேரத்தைத் திப்பு இந்தக் கடற்கரைப் பக்கம் காத்திருந்தே வீணாக்கிவிட்டார் என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். தங்கப் புலி அரியணையின் கால் முதன்முதலில் ஆடியது நமது திண்டிவனம், புதுச்சேரி வட்டாரத்தில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

பணயமாகப் போன பிள்ளைகள்

1792 பிப்ரவரியில் கூட்டுப் படைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்தன. திப்பு சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டார். நிபந்தனைகள் மிகக் கடுமையானவை. நாட்டில் பாதியைக் கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர வேண்டும். பணம் முழுவதும் வந்து சேரும் வரை இரண்டு மகன்களைப் பணயமாக ஒப்படைக்க வேண்டும்!

மூத்தவன் அப்துல் காலிக்குக்கு 10 வயது இருக்கும். இளையவன் முயிசுத்தீனுக்கு 8 வயது இருக்கும். ஏறக்குறைய உங்கள் வயதுதான். இருவரையும் அலங்கரித்து யானை மேல் ஏற்றி அனுப்பினார்கள். சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர்கள் 1794-ம் ஆண்டுதான் அப்பாவிடம் திரும்பி வந்தார்கள். இரண்டு ஆண்டுகள்! தங்க அரியணை இருந்தும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாத அப்பாவாகத் திப்பு தவித்தார். கடனை அடைத்துத்தான் அவர்களை மீட்டார்.

உடைபட்ட அரியணை

திப்பு ஓயவில்லை. மீண்டும் பிரெஞ்சு உதவி தேடினார். 1798-ம் ஆண்டு மொரீஷியஸ் தீவில் இருந்து நூறு பேர்கூட இல்லாத ஒரு சிறு கூட்டம்தான் வந்தது. ஆனால், அதையே காரணம் காட்டிப் புதிய கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி நான்காவது போரைத் தொடங்கினார்.

1799 மே 4-ம் தேதி. கொளுத்தும் மதியம். ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைச் சுவரில் பீரங்கிகள் ஏற்படுத்திய பிளவு வழியாகக் கம்பெனிப் படை உள்ளே பாய்ந்தது. தலைமை ஏற்று வந்தவர் யார் தெரியுமா? அதே ஊர்ச் சிறையில் கிடந்த டேவிட் பெயர்டுதான்! மதிய உணவில் கை வைத்திருந்த திப்பு, சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். சரணடையவோ தப்பி ஓடவோ அவர் முயலவில்லை. சாதாரணச் சிப்பாயைப் போல நின்று சண்டை போட்டார். பல காயங்கள் பட்டு, கோட்டை வாசல் அருகே விழுந்தார். இரவில் விளக்குடன் தேடியவர்கள், பிணங்களின் குவியலுக்கு அடியில் அவரது உடலைக் கண்டெடுத்தார்கள். மறுநாள் அவரைத் தந்தை ஹைதரின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

நகரம் சூறையாடப்பட்டது. போரில் கிடைத்த பொருளைப் பதவிக்குத் தக்கபடி பங்கு போடுவது அந்தப் படையின் வழக்கம். அதற்கென்றே சில அதிகாரிகள் இருந்தார்கள். முழு அரியணையையும் ஒருவருக்குப் பங்காகக் கொடுக்க முடியுமா? எனவே, அதை உடைத்தார்கள்! தங்கத் தகடுகளை வெட்டினார்கள். துண்டு துண்டாக விற்றார்கள். அரியணையை முழுதாக இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பலாம் என்று வெல்லெஸ்லி நினைத்திருந்தார். அவரது விருப்பம் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மிஞ்சிய பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் இங்கிலாந்து அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. சின்னப் புலித்தலைகளில் ஒன்று அன்றைய சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் குடும்பத்துக்குக் கிடைத்தது. அது வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. இன்னும் சில, இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் ஒதுங்கின. எட்டு அண்ணன் தம்பிகளும் எட்டுத் திசைக்குப் போன மாதிரிதான்!

ஒரு தரம்... ரெண்டு தரம்...

பிரபுக்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள் பழைய பொருட்களை விற்க ஆரம்பித்தபோது இந்தப் புலிகள் வெளியே வந்தன. 2009-ம் ஆண்டு ஏப்ரலில் ஒரு புலித்தலை லண்டனில் 3 லட்சத்து 89 ஆயிரத்து 600 பவுண்டுக்கு ஏலம் போனது. 2010 அக்டோபரில் போனது நாம் முதலில் பார்த்த புலித்தலை. 2021-ம் ஆண்டு நவம்பரில், அரியணையின் புலித்தலை ஒன்று நாட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கப் பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை விதித்தது. அப்போது அதற்குப் போட்ட மதிப்பு 15 லட்சம் பவுண்டு! பிரிட்டனின் வரலாற்றுக்கு முக்கியமான பொருளாம் அது. மைசூரில் செய்தது என்பதை நாம் மறக்க முடியுமா?

திப்புவின் மற்ற பொருட்களும் இப்படித்தான். 2014-ம் ஆண்டு ஒரு தங்க மோதிரம் 1 லட்சத்து 45 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. அது திப்புவின் விரலில் இருந்து எடுத்தது என்று ஏல நிறுவனம் சொன்னது. மோதிரத்தில் தேவநாகரி எழுத்தில் ராமர் பெயர் பொறித்திருந்தது! 2022-ம் ஆண்டு பொள்ளிலூர்ப் போரைக் காட்டும் ஓவியம் 6 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. 2023 மே மாதம் திப்புவின் வாள் ஒன்று 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கும் மேல்!

ஏலத்தில் வாங்குபவர் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பெட்டியில் பூட்டி வைக்கலாம். அதன் பிறகு நாமெல்லாம் அதைப் பார்க்க முடியுமா என்பது அவரது விருப்பம். எட்டுப் புலிகளும் ஒரே மேடையில் நின்று பார்க்கும் வாய்ப்பு இனி வருமோ வராதோ! ஓர் அரியணையை உடைக்கச் சில நாட்கள் போதும். உடைந்ததை ஒன்று சேர்க்க இருநூறு ஆண்டுகள் போதவில்லை, பார்த்தீர்களா?

வேலூரில் பறந்த புலி

திப்புவின் மகன்களையும் குடும்பத்தாரையும் கம்பெனி வேலூர் கோட்டையில் கொண்டுவந்து வைத்தது. பணயமாகப் போன அந்த இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து இளைஞர்களாகி அங்கே இருந்தார்கள். 1806 ஜூலை 10-ம் தேதி அதிகாலையில் அந்தக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் புரட்சி செய்தார்கள். அப்போது கோட்டைக் கொடிமரத்தில் அவர்கள் ஏற்றியது மைசூரின் புலிக்கொடி! அது சில மணி நேரமே பறந்தது. ஆற்காட்டில் இருந்து வந்த கம்பெனிக் குதிரைப்படை புரட்சியை அடக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். திப்புவின் குடும்பத்தாரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தங்கப் புலிகளுக்கு ஒவ்வொரு ஏலத்திலும் ஒரு விலை சொல்கிறார்கள். வேலூரில் பறந்தது வெறும் துணிப் புலி. அதற்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். எது விலை உயர்ந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குழந்தைகளே! லண்டனுக்குப் போய்ப் புலித்தலையைப் பார்ப்பது நம் எல்லோராலும் முடியாது. ஆனால், பெருமுக்கல் மலை இங்கேதான் இருக்கிறது. தியாகதுருகம் இருக்கிறது, வேலூர் கோட்டை இருக்கிறது. இவற்றை யாரும் ஏலத்தில் எடுத்துப் பெட்டியில் பூட்ட முடியாது. அடுத்த விடுமுறையில் அப்பா, அம்மாவுடன் ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே போனால் கல்லில் பெயரைக் கிறுக்காதீர்கள்; கிறுக்குகிறவர்களைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சம் இருப்பதையாவது உடைக்காமல், சிதைக்காமல் வைத்துக்கொள்வது நம் கையில்தானே இருக்கிறது!